ஒட்டு பிடித்த சொல்

வலென்சியா பக்கம் ஆரஞ்சு நாற்றுப்பண்ணை நடத்தும் ஒருவர் ‘இன்ஹெர்த்தோ’ என்றால், முரட்டு வேர்ச்செடியின் மேல் கட்டிய நல்ல சாதி ஆரஞ்சுக் குச்சியைச் சொல்கிறார். அதே ஊர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் மருத்துவர் ‘இன்ஹெர்த்தோ’ என்றால், தொடையில் சீவியெடுத்துப் புண்ணின் மேல் பரப்பிய தோலைச் சொல்கிறார். பல் மருத்துவர் சொன்னால் அது தாடையில் வைக்கும் எலும்புத் துண்டு. முடி கொட்டிக் கவலைப்படும் இளைஞர் சொன்னால், பின்மண்டையிலிருந்து எடுத்து முன்நெற்றியில் நடும் மயிர். கேட்கும் ஸ்பானியர் எவரும் குழம்புவதில்லை. அவர்களுக்கு இவை நான்கு சொற்கள் அல்ல; ஒரு சொல், ஒரே வேலை. உயிருள்ள ஒரு துண்டை அதன் இடத்திலிருந்து எடுத்து, உயிருள்ள வேறொன்றின் மேல் வைத்து, அங்கேயே பிழைக்கச் செய்வது.

ஸ்பானிய மொழி படிக்க வருபவர்கள் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் மருத்துவப் பாடத்தில்தான் முதலில் சந்திக்கிறார்கள். பிறகு தோட்டக்கலைப் பகுதியில் பார்க்கும்போது, மருத்துவரின் சொல்லைத் தோட்டக்காரர் கடன் வாங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடந்தது நேர்மாறு. ஸ்பானிய அகாதெமியின் அகராதியைத் திறந்தாலே தெரியும்: செடிக்கான பொருள்கள் முன்னால் நிற்கின்றன, மருத்துவம் கடைசியில் வருகிறது. கத்தி முதலில் மரத்தில்தான் இறங்கியது. அறுவை மருத்துவர் அந்தத் தோட்டத்துக்குக் கற்றுக்கொள்ள வந்தவர்.

சொல்லின் வேர் லத்தீன். ‘இன்செரெரே’ என்ற வடிவத்தில் லத்தீனில் இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்றுக்குச் சொருகுதல், செருகிவைத்தல் என்று பொருள். மற்றொன்றுக்கு விதைத்தல், உள்ளே ஊன்றுதல், ஒட்டுக்கட்டுதல் என்று பொருள். எழுத்து ஒன்றே என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோயின. மரத்தைப் பிளந்து குச்சியைச் சொருகுகிறவருக்கு, தான் சொருகுகிறோமா நடுகிறோமா என்று பிரித்துப் பார்க்க என்ன தேவை?

சொருகுதல் என்ற பொருளிலிருந்து ‘இன்செர்த்தாரே’ பிறந்தது. ஸ்பெயினில் மக்கள் வாயில் புழங்கிப் புழங்கி அது உருமாறியது. பழைய ஸ்பானியத்தில் சில சொற்களில் லத்தீன் ‘ஸ்’ ஒலி ‘ஷ்’ ஆனது; அதை எக்ஸ் எழுத்தால் எழுதினார்கள். ‘என்ஷெர்த்தார்’, ‘என்ஷெரிர்’ என்ற வடிவங்கள் அப்படி வந்தவை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அந்த ‘ஷ்’ தொண்டைக்குள் இறங்கி ‘ஹ்’ ஆயிற்று. செர்வாந்தேசின் புகழ்பெற்ற நாவலின் நாயகன் 1605இல் ‘கிஷோத்தே’யாகத்தான் அச்சேறினான், பின்னால்தான் ‘கிஹோத்தே’ ஆனான். 1815இல் அகாதெமி எழுத்தைத் திருத்தி, இந்த ஒலிக்கு எக்ஸ் வேண்டாம், ஹோத்தா என்னும் எழுத்தே போதும் என்றது. ‘என்ஷெர்த்தோ’ என்று தொடங்கியது இன்று ‘இன்ஹெர்த்தோ’வாக நிற்பது இப்படித்தான். சோப்பைக் குறிக்கும் ‘ஹபோன்’, பழச்சாற்றைக் குறிக்கும் ‘ஹூகோ’ இரண்டும் இதே வழியில் வந்தவை. பிற்காலத்தில் படித்தவர்கள் லத்தீன் சொல்லை அப்படியே மறுபடி எடுத்து ‘இன்செர்த்தார்’ என்று கொண்டுவந்தார்கள். அதற்கு வெறுமனே செருகுதல் என்று பொருள். உயிருள்ளதைச் செருக ஒரு சொல், உயிரில்லாததைச் செருக இன்னொரு சொல். அரசியலில் அடுத்த நாட்டு விவகாரத்தில் மூக்கை நுழைப்பதற்கு ஸ்பானியர் சொல்லும் ‘இன்ஹெரென்சியா’வும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

சொல் லத்தீன் என்றாலும் அந்த வேலையை எழுத்தில் விரிவாகச் சொன்னவர்களில் ஒருவர் ஸ்பெயின் மண்ணில் பிறந்தவர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கொலுமெல்லா, இன்றைய காதிஸ் நகரமான காதேசில் பிறந்தார். உழவு பற்றி அவர் எழுதிய நூல் 12 பகுதிகள் கொண்டது. பட்டை ஒத்த மரங்கள்தான் ஒட்டும் என்று முன்னோர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. ஒலிவ மரத்தின் அருகே குழி தோண்டி அத்திச் செடியை நட்டு, அது வளர்ந்த பிறகு ஒலிவக் கிளையை வளைத்து அதில் பொருத்தி, ஒட்டு பிடித்த பின் தாய்மரத்திலிருந்து அறுத்துவிடலாம் என்று எழுதினார். அத்தியும் ஒலிவமும் உண்மையில் ஒட்டும் என்பதை இன்றைய தாவரவியல் ஏற்காது. ஆனால் அவர் சொன்ன முறை பிழையல்ல. இரண்டு செடிகளும் தத்தம் வேரிலேயே நிற்க, உடல்கள் மட்டும் நெருங்கி ஒட்ட வேண்டும். ஒட்டிய பின்தான் ஒன்றை அறுக்க வேண்டும். நம் ஊரில் மாங்கன்றுக்குச் செய்யும் நெருக்கு ஒட்டு இதுவேதான். கன்றைச் சட்டியோடு தூக்கித் தாய்மரத்தில் கட்டுவார்களே, அது.

பின்னால் அரபு மொழி பேசிய அந்தலூசியாவிலும் இந்தக் கலை நன்றாகச் செழித்தது. 12ஆம் நூற்றாண்டில் செவியாவைச் சேர்ந்த இப்னு அல்-அவ்வாம் எழுதிய வேளாண் நூலில் ஒட்டுக்கட்டுதல் விரிவாக வருகிறது. அந்த நூல் 1802இல் மத்ரிதில் ஸ்பானிய மொழியில் வெளியானது. 1513இல் கப்ரியேல் அலோன்சோ தெ எரேரா, கர்தினால் சிஸ்னெரோசின் ஏற்பாட்டில், காஸ்தீய மொழியிலேயே, அதாவது ஸ்பானியத்திலேயே, உழவு நூலை எழுதி அச்சிட்டார். லத்தீன் தெரியாத உழவருக்கும் சேர வேண்டும் என்று எழுதப்பட்ட நூல் அது.

இதுவரை மரம் மட்டுமே. மனித உடல் எப்போது உள்ளே வந்தது?

1597இல் வெனிஸ் நகரில் ஒரு மருத்துவ நூல் வந்தது. எழுதியவர் பொலோஞ்ஞா பல்கலைக்கழகப் பேராசிரியர் காஸ்பாரே தாலியகோஸ்ஸி. வாள்வீச்சிலும் நோயிலும் மூக்கை இழந்தவர்கள் அன்று நிறைய. அவர்களுக்கு மேல்கைத் தோலைக் கொண்டு மூக்கு செய்வது எப்படி என்பதே நூலின் பொருள். நூலின் தலைப்பிலேயே லத்தீன் ‘இன்சிதியோ’ என்ற சொல்லை வைத்தார். அது தோட்டக்காரரின் சொல். முதலில் சொன்ன இரண்டு வினைகளில் விதைத்தல் என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்தது. அலங்காரத்துக்காக அவர் அதை எடுத்துக்கொண்டார் என்று நான் நினைக்கவில்லை. அவர் செய்த வேலையைப் பாருங்கள். மேல்கைத் தோலை மூன்று பக்கம் அறுத்து, நான்காவது பக்கத்தைக் கையோடு விட்டு, கையைத் தூக்கித் தலையோடு சேர்த்துக் கட்டி, தோலின் நுனியை மூக்கில் தைத்துவிடுவார். நோயாளி வாரக்கணக்கில் அப்படியே இருக்க வேண்டும். தோல் கையின் இரத்தத்தில் வாழ்ந்துகொண்டே மூக்கில் வேர்விடும். மூக்கு அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் கையிலிருந்து அறுப்பார். கொலுமெல்லாவின் ஒலிவக் கிளைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நெருக்கு ஒட்டு மனித உடலில் நடந்திருக்கிறது, அவ்வளவே.

மூக்கு வேலையில் இந்தியா இதற்கெல்லாம் முன்னோடி. சுஸ்ருத சங்கிதையில் மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி எடுத்து, அந்த இலையளவுக்குக் கன்னத்துத் தோலை அறுத்து எடுக்கச் சொல்லியிருக்கிறது. ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையிடம் பிடிபட்டு மூக்கறுபட்டார். புனேயில் நெற்றித் தோலைத் திருப்பி அவருக்கு மூக்கு அமைத்த செய்தி 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்தது. ஐரோப்பிய மருத்துவர்கள் மூக்கறுவையை மறுபடி கையிலெடுத்தது அதைப் படித்துத்தான். இப்படி ஒரு பக்கம் உடலோடு தொங்கவிட்டுத் திருப்பும் தோலை ஸ்பானிய மருத்துவர்கள் இன்ஹெர்த்தோ என்பதில்லை, ‘கொல்காஹோ’ என்பார்கள். ஸ்பானியக் கிராமத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு: குளிர்காலத்துக்காக உத்தரத்தில் கட்டித் தொங்கவிடும் திராட்சைக் குலை. இரண்டும் தொங்குவதால் வந்த பெயர்.

முழுவதுமாக அறுத்தெடுத்த தோலைப் புண்ணில் வைத்துப் பிழைக்கவைக்க மனிதன் 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருந்தான். 1869இல் பாரிசில் ஜெனீவாக்காரரான ழாக்-லூயி ரெவர்தென், கிள்ளியெடுத்த சிறுசிறு தோல் துணுக்குகளைச் சதைப்புண்ணில் வைத்துப் பிடிக்கவைத்தார். பிரெஞ்சில் அதற்கு ‘கிரெஃப்’ என்று பெயர். அதுவும் ஒட்டுக்குச்சியின் பெயர்தான். கிரேக்கத்தில் எழுத்தாணியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. சீவிய குச்சி எழுத்தாணிபோல் இருந்ததால் அந்தப் பெயர்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. அது கண்ணைப் பற்றியது.

செடியின் தண்டில் இலை சேரும் இடத்தில் இருக்கும் மொட்டை லத்தீனில் ‘ஓகுலுஸ்’ என்றார்கள். கண் என்று பொருள். உருளைக்கிழங்கின் கண் என்று நாமும் சொல்கிறோம். கண்ணை எடுத்து வேறொரு தண்டின் பட்டைக்குள் வைப்பதற்கு ‘இனோகுலாரே’ என்று பெயர்: கண்ணை உள்ளே வைத்தல். தடுப்பு மருந்தை உடலில் ஏற்றுவதைக் குறிக்கும் ‘இனோகுலேசன்’ என்ற சொல்லின் பிறப்பிடம் இந்த மொட்டுக்கட்டும் வேலை. 1714இல் இஸ்தான்புல்லிலிருந்து இம்மானுவேல் திமோனி என்ற மருத்துவர் எழுதிய கடிதம் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. பெரியம்மைக் கொப்புளத்தின் நீரை நலமாக இருப்பவரின் தோலைக் கீறி உள்ளே வைத்தால், நோய் லேசாக வந்து போய்விடும், பிறகு ஆயுளுக்கும் வராது என்று அங்கே செய்துவந்த முறையை அதில் விவரித்தார். கீறி உள்ளே வைப்பது என்றதும் மருத்துவர்களின் வாய்க்கு வந்த சொல் தோட்டக்காரரின் ‘இனோகுலேசன்’. 1717இல் துருக்கியின் எதிர்னேயிலிருந்து எழுதிய ஆங்கிலேயத் தூதரின் மனைவி மேரி வோர்ட்லி மொண்டேகு, அந்த ஊர்க்காரர்கள் இதை ஒட்டுக்கட்டுதல் என்றே அழைக்கிறார்கள் என்று தம் தோழிக்குத் தெரிவித்தார். அவர் சொன்னது இன்றும் உண்மை. துருக்கியில் ‘ஆஷி’ என்ற ஒரே சொல் தடுப்பூசிக்கும் மர ஒட்டுக்கும் வழங்குகிறது. அரபியில் ‘தத்ஈம்’ அப்படியே. மரத்துக்கும் அதுதான், குழந்தைக்குப் போடும் ஊசிக்கும் அதுதான். மூன்று தனித்தனி மொழிக் குடும்பங்கள் ஒரே கத்திக்கீறலைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

ஸ்பானியத்தில் ‘இனோகுலார்’ இன்று மருத்துவப் பக்கமே நின்றுவிட்டது. ஆனால் அந்தச் சொல் சுட்டும் வேலையை உலகம் சுற்றச் செய்தவர்கள் ஸ்பானியர். 1803 நவம்பர் 30 அன்று லா கொருஞ்ஞா துறைமுகத்திலிருந்து ‘மரியா பீத்தா’ என்ற கப்பல் புறப்பட்டது. அரச மருத்துவர் ஃபிரான்சிஸ்கோ ஹவியேர் பால்மிஸ் தலைமையில் பசு அம்மைத் தடுப்பு மருந்தை அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்குக் கொண்டுபோகும் பயணம் அது. குளிர்சாதனம் இல்லாத காலம். மருந்து வழியிலேயே வீரியம் இழந்துவிடும். ஆகவே அநாதை விடுதிப் பிள்ளைகள் 22 பேரைக் கப்பலில் ஏற்றினார்கள். ஒன்பது, பத்து நாளுக்கு ஒருமுறை இருவருக்குக் கையில் கீறி வைப்பார்கள். அவர்களின் கொப்புளம் பழுத்ததும் அடுத்த இருவருக்கு. கைக்குக் கை மாறி, உயிரோடு கடலைக் கடந்தது மருந்து. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இசபெல் செந்தால் என்ற பெண்மணியின் பெயரை இந்த வரலாற்றில் சொல்லாமல் விடக் கூடாது. பிள்ளைகளிடம் யார் சம்மதம் கேட்டார்கள் என்ற கேள்வியையும் விடக் கூடாது.

செடியின் மொட்டுக்கும் உடலில் உள்ளதற்கும் ஒரே பெயர் வைப்பதற்குத் தமிழிலும் ஓர் இணை இருக்கிறது. கரும்பின் கணுவில் முளைக்கும் மொட்டை நம் உழவர்கள் ‘பரு’ என்கிறார்கள். ஒரு பருக் கரணை, பரு சீவல் நாற்று எல்லாம் வேளாண் அலுவலகத்தில் அன்றாடப் பேச்சு. முகத்தில் வருவதும் பருதான். ஸ்பானியத்தில் மொட்டுக்கு ‘யேமா’ என்று பெயர்; முட்டையின் மஞ்சள் கருவும் யேமா, விரல் நுனியின் சதையும் யேமா.

இனி கத்திக்கு அருகில் போவோம். ஸ்பானியத் தோட்டத்தில் அதிகம் செய்வது ‘எஸ்குதேத்தே’, சிறு கேடயம். வேர்ச்செடியில் பட்டை சுலபமாக உரிந்துவரும் பருவமாக இருக்க வேண்டும். தரையிலிருந்து சற்று மேலே, ஆங்கில டி எழுத்துபோல் பட்டையை மட்டும் கீறுகிறார்கள். கட்டை வரை வெட்டு போகக் கூடாது. நல்ல மரத்தின் கிளையிலிருந்து ஒரு மொட்டை அதைச் சுற்றியுள்ள பட்டையோடு கேடயம்போலச் சீவியெடுக்கிறார்கள். இலையைக் கிள்ளிவிட்டு, காம்பை மட்டும் பிடிப்பதற்காக விட்டுவைக்கிறார்கள். சீவிய பரப்பில் விரல் படக் கூடாது. கீறலின் இரண்டு இதழ்களையும் கத்தியின் பின்முனையால் தூக்கி, கேடயத்தை மேலிருந்து கீழாக நழுவவிட்டு, மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி நாரால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வளர்படலங்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட வேண்டும். முழு இரகசியமும் அதில்தான். இரண்டு மூன்று வாரம் கழித்து விட்டுவைத்த காம்பை விரலால் தொடுகிறார்கள். தொட்டவுடன் காம்பு உதிர்ந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. காய்ந்து சுருங்கி ஒட்டிக்கொண்டு நின்றால் மொட்டு செத்துவிட்டது. உயிருள்ள மொட்டுதான் தன் காம்பை உதறும்.

அறுவை அரங்கிலும் இதே கவனம்தான். தொடையிலிருந்து மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தடிப்புக்கும் குறைவாகத் தோலைச் சீவுகிறார்கள். புண்ணைச் சுத்தமாக்கி, இரத்தக் கசிவை நிறுத்தி, தோலைப் பரப்புகிறார்கள். அடியில் இரத்தமோ நீரோ கோத்துக்கொண்டால் தோல் புண்ணைத் தொடாது, தொடாவிட்டால் செத்துவிடும். அதனால் மேலே பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டி, அந்த உறுப்பு அசையாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். முதல் ஒரு நாள், இரண்டு நாள் அந்தத் தோலுக்கு இரத்தக் குழாய் கிடையாது. புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சியே உயிர் தரிக்கிறது. பிறகு தோலின் அறுபட்ட நுண்குழாய்களின் வாய்கள் புண்ணின் குழாய் வாய்களோடு சேர்கின்றன. இதற்கு மருத்துவர்கள் ‘இனொஸ்குலாசியோன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முத்தமிடுதல் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காட்டில் இரண்டு மரங்கள் உரசி உரசித் தாமாகவே ஒட்டிக்கொள்வதற்கும் இதே பெயர்தான். ஐந்தாம் நாள் வாக்கில் கட்டைப் பிரிக்கிறார்கள். தோல் இளஞ்சிவப்பாக, நழுவாமல் இருந்தால், மருத்துவர் சொல்லும் வார்த்தை ‘ஆ பிரெந்திதோ’: பிடித்துவிட்டது. தோட்டக்காரர் காம்பு உதிர்ந்ததைப் பார்த்துச் சொல்வதும் அதே ‘ஆ பிரெந்திதோ’. மரத்தில் ஒட்டுவாய் மூடி வளரும் திசுவுக்கு ‘காயோ’ என்று பெயர். முறிந்த எலும்பு கூடும்போது வளர்வதற்கும் ‘காயோ’தான்.

இரண்டும் பிரியும் இடம் ஒன்று உண்டு. உறவுள்ள மரங்கள் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்கின்றன. எலுமிச்சை நாரத்தையின் மேல் ஆயுள் முழுக்க வாழும். மனிதனின் உடல் அண்ணன் தோலைக்கூட ஏற்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது கிளாஸ்கோவில் தீக்காயப்பட்ட ஒருவருக்குப் பிறர் தோலை வைத்துப் பார்த்த பீட்டர் மெதாவரும் தாமஸ் கிப்சனும், இரண்டாம் முறை வைத்தது முதல் முறையைவிட வேகமாக அழிவதைக் கண்டு 1943இல் எழுதினார்கள். உடல் முதல் ஒட்டை நினைவில் வைத்திருந்தது. இந்த ஆராய்ச்சித் தொடர்ச்சிக்காக மெதாவர் 1960இல் நோபல் பரிசு பெற்றார். எலும்பு மஜ்ஜை மாற்றத்தில் இதற்கு நேரெதிரும் நடக்கிறது. வந்த ஒட்டே தங்கிய உடலைத் தாக்கும். ஸ்பானியத்தில் அந்த நோய்க்கு ‘விருந்தோம்புபவனுக்கு எதிரான இன்ஹெர்த்தோ’ என்ற பொருளில் பெயர். இதற்குத் தோட்டத்தில் இணை கிடையாது.

தோட்டத்தில் ஒட்டு வெறும் வசதியாக இல்லாமல் உயிர் காக்கும் மருந்தாகவே மாறிய காலமும் ஸ்பெயினில் உண்டு, இருமுறை. முதல் முறை திராட்சைக்கு. வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சேரா பூச்சி வேரைத் தின்று பிரான்சின் தோட்டங்களை அழித்துவிட்டு, 1878இல் மாலகாவிலும், அடுத்த ஆண்டு பிரனீஸ் மலை தாண்டி ஜிரோனாவிலும் தென்பட்டது. எந்த மருந்தும் பெரிதாகப் பலிக்கவில்லை. பூச்சியோடு பழகிய அமெரிக்கக் கொடியின் வேரின் மேல் ஸ்பானியத் திராட்சையை ஒட்டுவதே வழியாயிற்று. நோய் வந்த ஊரிலிருந்தே மருந்தும் வந்தது. இன்று ஸ்பானிய ஒயின் பெரும்பாலும் அமெரிக்க வேரில் நிற்கிறது. தோரோ போன்ற மணற்பாங்கான இடங்களில் பூச்சி பரவ முடியாததால் பழைய கொடிகள் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன. அவற்றுக்கு ‘பியே ஃபிராங்கோ’, விடுதலை பெற்ற கால், என்று பெயர்.

இரண்டாம் முறை ஆரஞ்சுக்கு. கசப்பு நாரத்தை வேரில் கட்டிய மரங்களை வாட்டிக் கொல்லும் வைரஸ் நோய் 1957இல் வலென்சியாவில் தெரிந்தது. அதற்கு ‘த்ரிஸ்தேசா’ என்று பெயர்: துயரம். மனம் ஒடிந்து உட்கார்ந்த ஒருவரைப்போல் மரம் வாடி நிற்கும். கோடிக்கணக்கான மரங்கள் போயின. வேரை மாற்றினால் மட்டும் போதாது, நோயற்ற மொட்டு வேண்டும். ஆனால் இருந்த நல்ல சாதி மரங்களில் பலவும் வைரஸ் சுமந்தவை. கொழுந்தின் உச்சியில் மட்டும் வைரஸ் ஏறியிராது. 1975இல் லூயிஸ் நவாரோவும் அவருடன் உழைத்தவர்களும் அந்த உச்சியில் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு நீளத்துக்கு வெட்டியெடுத்து, கண்ணாடிக் குழாயில் முளைத்த நாற்றின் மேல் நுண்ணோக்கியின் கீழ் ஒட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். வலென்சியாவுக்கு அருகே மோன்காதாவில் அதை வைத்து நோயற்ற தாய்மரங்களை உருவாக்கினார்கள். கத்தியும் நுண்ணோக்கியும் கிருமி நீக்கிய மேசையும் கொண்ட அந்த அறையைப் பார்த்தால் அறுவை அரங்கு என்றே சொல்லத் தோன்றும். மருத்துவம் தோட்டத்திடம் வாங்கிய கடன் அங்கே திரும்பிவிட்டது.

இந்தச் சொல் ஒரு முறை மனிதர்களைக் குறிக்கவும் பயன்பட்டது. 1849 முதல் 1874 வரை சுமார் ஒரு லட்சம் சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு, பருத்தித் தோட்டங்களிலும் பறவை எச்ச உரம் எடுக்கும் தீவுகளிலும் அடிமைகளைப்போல் உழைத்தார்கள். அவர்களுக்கும் பெரு நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளை லிமா மக்கள் ‘இன்ஹெர்த்தோ’ என்றார்கள். அன்பாகச் சொன்னார்கள் என்று நம்ப எனக்கு மனமில்லை. பின்னாளில் அந்தச் சந்ததியினர் மண்ணில் பிறந்தவர் என்ற பொருளில் ‘துசான்’ என்று தம்மை அழைத்துக்கொண்டது நல்லதுதான். மரத்துக்குப் பெருமை தரும் சொல் மனிதனுக்கு எப்போதும் பெருமை தராது.

இந்தச் சொல்லின் போர்ச்சுகீசிய உடன்பிறப்பு ‘என்ஷேர்த்து’. பழைய ‘ஷ்’ ஒலி அங்கே இன்னும் மாறாமல் இருக்கிறது. கோவாவில் போர்ச்சுகீசியரும் யேசு சபைத் துறவிகளும் மாமரத்தில் ஒட்டுக்கட்டி நல்ல சாதிகளைப் பெருக்கினார்கள். அல்போன்சா மாம்பழத்தின் பெயரிலேயே அந்தத் தடம் இருக்கிறது. இன்று கிருஷ்ணகிரிப் பக்கம் வரிசை வரிசையாக நிற்கும் மாங்கன்றுகளுக்கு நாம் சொல்வது ‘ஒட்டு’. வாங்கிவந்து நட்டபின் துளிர் விட்டால் ‘பிடிச்சிருச்சு’ என்கிறோம். ஸ்பானியத் தோட்டக்காரரும் மருத்துவரும் சொல்லும் அதே வினை.

மருத்துவத் தமிழில் ‘தோல் ஒட்டு’ என்ற சொல் ஏட்டில் இருக்கிறது. ஆனால் வார்டில் புழங்குவது ‘ஸ்கின் கிராஃப்டிங்’. அந்த வார்த்தையைக் கேட்கும் கிராமத்துத் தாய்க்கு அதில் எதுவும் புரிவதில்லை. ‘உங்க பையன் தொடைத் தோலைச் சீவிக் கையில ஒட்டுக் கட்டியிருக்கோம்’ என்று சொல்லிப்பாருங்கள். கை ஏன் அசையக் கூடாது, கட்டை ஏன் அவிழ்த்துப் பார்க்கக் கூடாது, ஏன் அடியில் நீர் கோக்கக் கூடாது, ஏன் ஐந்து நாள் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம், மாங்கன்று நட்ட கைக்கு விளக்கம் இல்லாமலே தெரியும். தமிழ் பேசும் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் நாளை காலைச் சுற்றில் இந்தச் சொல்லையே பயன்படுத்த வேண்டுகிறேன். கட்டைப் பிரிக்கும் நாளில் ‘ஒட்டு பிடிச்சிருச்சும்மா’ என்று சொல்லுங்கள்.